சாவி தரும் மாதம்

சாவி எப்போது தருவீர்கள் என்று ஸ்ரெல்லா கேட்கும்போதெல்லாம் வீடு கட்டி விற்கும் கொந்தராத்துக்காரர் இராசநாயகம் வானத்தைப் பார்த்தார். யூலை மாதத்து வானம். சோளகக் காற்று ஊதி ஊதி முகில் ஒன்றும் மிச்சமில்லாமல் துடைத்து வைத்திருந்தது. அங்கே அவருக்குப் பார்க்க என்ன இருந்தது என்று ஸ்ரெல்லாவுக்கு விளங்கவில்லை.

“தையிலை தாறன் தங்கச்சி. தை பிறந்த கையோடை சாவி உங்கடை கையிலை.”

“தைக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு அண்ணை. வீடு முடிஞ்சுதானே நிக்குது?”

“பார்வைக்கு அப்பிடித்தான் தெரியும். உள்ளுக்கை கனக்கக் கிடக்கு.”

அவர்கள் நின்றது அரியாலைக் கிழக்கில், கடலை நோக்கிப் போகும் ஒரு மணல் ஒழுங்கையின் முடிவில். கொக்குவில்காரரான இராசநாயகம் அங்கே ஒரு தென்னங்காணியை வாங்கி, இரண்டாகப் பிரித்து, ஒரே மாதிரி இரண்டு வீடு எழுப்பியிருந்தார். கிழக்குப் பக்கத்து வீடு ஸ்ரெல்லாவுக்கும் அவள் புருசன் யாகோப்புவுக்கும் என்று வாயால் பேச்சாகியிருந்தது. எழுத்து இன்னும் ஆகவில்லை.

ஸ்ரெல்லா உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். நிலைகள் ஏற்றி, கதவு போட்டாகிவிட்டது. யன்னல்களுக்குக் கம்பி வைத்தாகிவிட்டது. குசினியில் மேடை கட்டி அதன் மேல் கறுப்பு மாபிள் பதித்திருந்தார்கள். சுவர்களுக்கு முதல் பூச்சு பெயின்ற் காய்ந்து கிடந்தது. கரண்ட் இழுக்க வேண்டும், முன்மதிலுக்குக் கேற் போட வேண்டும். வேறு என்ன? விரலால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

“செப்ரெம்பர் முடியத் தாங்கோவன்.”

“அது புரட்டாதி தங்கச்சி. புரட்டாதியிலை குடிபுகுறேல்லை.”

“அப்ப ஒக்ரோபர் கடைசி?”

“ஐப்பசியிலை மழை பிடிச்சிடும். சாமான் ஏத்தி இறக்க ஏலாது.”

“டிசம்பர்?”

“மார்கழியோ? மார்கழியிலை ஆரும் புது வீட்டுக்குப் போவினமே?”

“நாங்கள் வேதக்காரர் அண்ணை. எங்களுக்கு மார்கழி பாலன் பிறக்கிற மாசம்.”

இராசநாயகம் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி வானத்தைப் பார்த்தார்.

பின்வளவில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த யாகோப்பு சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். “அவர் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்குத்தானே. அவசரப்படுத்தினால் சுவர் வெடிக்கும். ஒருக்கா மழையிலை நனைஞ்சு காஞ்சால்தான் கூரை ஒழுகுதோ இல்லையோ எண்டு தெரியும்.”

“மழை வரைக்கும் நாங்கள் எங்கை இருக்கிறது?”

யாகோப்பு சைக்கிளை எடுக்கப் போனார்.

அவர்கள் இருந்தது குருநகரில், வாடகை வீட்டில். வீட்டுக்காரி ஜெனிற்றா நல்ல மனுசி. ஆனால் நோர்வேயில் இருக்கும் அவளுடைய தமையன் குடும்பத்தோடு வந்து நிரந்தரமாக இருக்கப் போகிறான் என்று செய்தி வந்துவிட்டது. செப்ரெம்பர் முடிய வீட்டை விட்டுத் தர வேண்டும் என்று அவள் கண் கலங்கச் சொல்லியிருந்தாள். ஸ்ரெல்லாவின் மகன் கிறிஸ்ரோபர் பிரான்சில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்துத்தான் இந்த வீட்டுக்கு வழி பண்ணியிருந்தான். நல்ல இடங்களில் காணி விலை ஏறிய ஏற்றத்தில் அவர்கள் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருந்தது இது ஒன்றுதான்.

மாசி மாதம் முதன்முதல் பார்க்க வந்தபோது சுவர்கள் பாதிதான் எழும்பியிருந்தன. அன்று ஸ்ரெல்லா வீட்டைப் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனாள். விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள் அவள். மாவைக் குழைக்கிற தண்ணீர் சரியில்லை என்றால் இடியப்பம் தட்டிலேயே விறைத்துப் போகும், சொதி கரிக்கும். வாளியால் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்.

“கோடையிலை எப்பிடி?” என்று இராசநாயகத்தைக் கேட்டாள்.

பதில் சொன்னது யாகோப்பு. “இது நல்ல ஊத்து. எனக்குத் தெரியாத இடமோ?”

கலியாணம் கட்டுவதற்கு முதலே அந்தப் பக்கத்துக் கடலில் நண்டு வலை போட்டுத் திரிந்தவர். ஸ்ரெல்லா வேறு யாரையும் கேட்கவில்லை.

*

“உவன் வேறை ஆருக்கோ குடுக்கப் போறான்” என்று ஜெனிற்றா சொன்னாள். புனித யாகப்பர் திருவிழா முடிந்து, தெருவில் கட்டியிருந்த கொடிகளைப் பொடியள் கழற்றிக்கொண்டிருந்த நாள். இரண்டு பெண்களும் வாசற்படியில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்கள். “வாயாலை உங்களோடை கதைச்சு வச்சிருப்பான். வெளிநாட்டுக்காரர் ஆரும் கூடக் கேட்டால் அங்கை சாய்ஞ்சிடுவான். திகதி சொல்லாமல் இழுக்கிறது உதுக்குத்தான்.”

“அந்தாளைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை.”

“பாத்தால் தெரியுமோ? என்ரை ஒண்டைவிட்ட தங்கச்சிக்கு என்ன நடந்தது? வீட்டு நிலைக்குப் பூமாலை போட்டுப் படம் எடுத்தவள். இப்ப அதுக்குள்ளை வேறை ஆக்கள் இருக்கினம்.”

ஸ்ரெல்லா இலையை உருவுவதை நிறுத்திவிட்டு எழும்பினாள். அன்றைக்கே பஸ் பிடித்து அரியாலைக்குப் போனாள். யாகோப்புவுக்குச் சொல்லவில்லை.

ஒழுங்கைக்குள் திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. தொப்பி போட்ட ஒரு மனிதரும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் இராசநாயகத்துடன் முற்றத்தில் நின்று கைநீட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரெல்லா மதிலோரம் போய் நின்றாள். இராசநாயகம் அவளைக் கண்டதும் விறுவிறென்று வந்தார்.

“என்ன தங்கச்சி தனிய? யாகோப்புத் தம்பி வரேல்லையே?”

“உவை ஆர்?”

“பக்கத்து வீட்டைப் பாக்க வந்தவை. லண்டன் ஆக்கள்.”

“எங்கடை வீட்டு முத்தத்திலை நிண்டு பாக்கினம்.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே. இதுதான் முடிஞ்சு நிக்குது, அதாலை இதைக் காட்டுறன்.”

“முடிஞ்சு நிக்குது எண்டு நீங்களே சொல்லுறியள்.”

இராசநாயகம் தலையைச் சொறிந்தார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். வெய்யிலில் நின்று நின்று கறுத்த முகம். பொய் சொல்லிப் பழகிய முகமாக அது இல்லை என்பதுதான் அவளை இன்னும் குழப்பியது. வளவின் மூலையில் ஒரு உழவு மெசின் தண்ணீர்ப் பவுசரை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. வேலையாள் ஒருவன் குழாயைப் பிடித்து பரலுக்குள் தண்ணீர் நிரப்பினான்.

“கிணறு கிடக்க ஏன் பவுசர்?”

“மோட்டர் திருத்தக் குடுத்துக் கிடக்கு” என்றார் இராசநாயகம். அதைச் சொல்லும்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிணற்றின் மேல் தகரம் போட்டு அதன்மேல் கல் வைத்திருந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் அப்படித்தான் மூடி வைப்பார்கள். ஸ்ரெல்லாவின் கண்ணெல்லாம் அந்த லண்டன்காரியின் மேல்தான் இருந்தது. அவள் குசினி யன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் யாகோப்பு வந்து கால் கழுவ முதலே ஸ்ரெல்லா சொன்னாள், “எழுத்திலை வேணும். வாற கிழமையே நொத்தாரிசிட்டைப் போவம். திகதி போட்டு, கையெழுத்து வாங்கிப்போட்டுத்தான் மற்றக் கதை.”

“அந்தாள் நல்ல மனுசன் ஸ்ரெல்லா.”

“நல்ல மனுசன் எண்டால் கையெழுத்து வைக்கிறதுக்கு என்ன?”

அன்று அவள் நண்டுக் கறி வைத்திருந்தாள். யாகோப்புவுக்கு நண்டென்றால் கோது உடைத்து உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். அன்றைக்கு ஒரு காலைக் கூட உடைக்காமல் குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்.

*

காணி உறுதிகள் எழுதும் நொத்தாரிசு உதயகலாவின் கந்தோர் நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான மாடியில் இருந்தது. காற்றாடி சுழன்றாலும் வேர்த்தது. உதயகலா முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, உடன்படிக்கையை ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லை சரி. அறைகளின் அளவு சரி. என்னென்ன வேலை பாக்கி என்பதும் சரி.

“இனித் திகதி. வீட்டை முடிச்சுச் சாவி குடுக்கிறதும் உறுதி எழுதுறதும் ஒரே நாளிலை எண்டு போடுறன். எந்த நாள்?”

“தை பதினைஞ்சு” என்றார் இராசநாயகம்.

“செப்ரெம்பர் முப்பது” என்றாள் ஸ்ரெல்லா.

உதயகலா பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “ரெண்டு பேரும் முதலே கதைக்கேல்லையோ?”

“நான் கதைச்சுக் கதைச்சு வாய் உளைஞ்சு போச்சு மிஸ். வீடு முடிஞ்சு நிக்குது. ஏன் தை எண்டு கேளுங்கோ.”

“ஐயா, ஏன் தை?” என்று உதயகலா கேட்டார். “வேலையிலை ஏதும் பிரச்சினை இருந்தால் இப்ப சொல்லுங்கோ. பிறகு பிந்தினால் இவைக்கு நீங்கள் நட்டம் குடுக்க வேண்டி வரும். அதையும் நான் எழுதத்தான் போறன்.”

இராசநாயகம் வாயைத் திறந்தார். திறந்தவர் ஸ்ரெல்லாவையும் பார்க்கவில்லை, உதயகலாவையும் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கத்தில், கதிரையின் நுனியில் இருந்த யாகோப்புவைப் பார்த்தார்.

அது ஒரு கணம்தான். யாகோப்பு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரெல்லா அதைக் கண்டாள். முதலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. இவ்வளவு நாளும் இந்த மனிதர் பதில் தேடிப் பார்த்தது வானத்தை அல்ல. அவள் திகதி கேட்ட ஒவ்வொரு முறையும் யாகோப்பு அவளுக்குப் பின்னால் எங்கோ நின்றிருந்தார்.

“இண்டைக்கு வேண்டாம் மிஸ்” என்று அவள் எழும்பினாள். “நாங்கள் இன்னொரு நாள் வாறம்.”

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வண்டி ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டியது.

“தை எண்டாலும் பரவாயில்லை” என்று யாகோப்பு தொடங்கினார். “இடையிலை அக்கா வீட்டிலை இருக்கலாம். பின் அறை சும்மாதான் கிடக்கு. உன்ரை அடுப்பையும் கொட்டிலுக்கை வைக்கலாம் எண்டவ.”

“மச்சாளோடை எப்ப கதைச்சனீங்கள்?”

“சும்மா… ஒருநாள் போன இடத்திலை.”

“எப்ப?”

“ஈஸ்ரருக்குப் பிறகு எண்டு நினைக்கிறன்.”

ஈஸ்ரருக்குப் பிறகு என்றால் ஏப்ரல். தமையன் வரப்போகிறான் என்று ஜெனிற்றா சொன்னதே யூன் மாதத்தில்தான். ஸ்ரெல்லா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு விடச் சொல்ல முதலே இருக்க இடம் தேடிய மனிதரின் பக்கத்தில் அவள் இருந்துகொண்டிருந்தாள்.

அன்று முழுதும் அவள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கொந்தராத்துக்காரரிடம் தரகு ஏதும் வாங்கியிருப்பாரோ. கிறிஸ்ரோபர் அனுப்பியதில் கை வைத்துவிட்டு நாள் கடத்துகிறாரோ. குடியில்லை. சீட்டில்லை. அக்காவுக்கு ஏதும் கொடுத்திருப்பாரோ. அவர் தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டு நின்றாள். யாகோப்பு பாதியில் கோப்பையை வைத்துவிட்டு கிழிந்த வலையைப் பொத்தப் போனார்.

*

அடுத்த நாள் கடைகளுக்கு இடியப்பம் கொடுத்த கையோடு, வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரியாலைக்குப் போனாள். வீட்டில் வேலையாட்கள் இல்லை. ஒழுங்கை முகப்பில் நான்கைந்து பெண்கள் தண்ணீர்க் கான்களை வரிசையாக வைத்துவிட்டு வேலி நிழலில் குந்தியிருந்தார்கள். பவுசருக்குக் காத்திருக்கிறார்கள் என்பது பார்க்கவே தெரிந்தது. அவர்களில் ஒருத்தி, முப்பது வயது மதிக்கலாம், நகர்ந்து இடம் கொடுத்தாள். றொசாந்தி என்று பெயர் சொன்னாள்.

“நீங்கள் அந்தக் கடைசி வீடு வாங்கப் போற அக்கா எல்லோ?”

“ஓம். இஞ்சை ஆற்றையும் வீட்டிலை கிணறு இல்லையே?”

“கிணறு எல்லாருக்கும் இருக்கு அக்கா. இப்ப வாயிலை வைக்க ஏலாது. வைகாசிக்குப் பிறகு உப்புச் சவர்தான். மழை விழுந்தால் திரும்ப நல்லாயிடும். மாசி பங்குனி வரைக்கும் தேன் மாதிரி இருக்கும்.” அவள் கானின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். “குழாய்த் தண்ணி அடுத்த தெரு வரைக்கும் வந்திட்டுது. இஞ்சாலையும் வரும் எண்டினம்.”

“அந்த வீட்டுக் கிணறும் அப்பிடித்தானோ?”

“அது கடலுக்கு இன்னும் கிட்ட எல்லோ.” றொசாந்தி அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். “உங்கடை அவருக்குத் தெரியும்தானே. போன வரியம் ஆவணியிலை வந்து அள்ளிக் குடிச்சுப் பாத்தவர். துப்பிப்போட்டு, இஞ்சை வந்துதான் என்னட்டை நல்ல தண்ணி வாங்கிக் குடிச்சவர்.”

போன வருடம் ஆவணி. அப்போது ஸ்ரெல்லாவுக்கு இந்தக் காணி இருப்பதே தெரியாது.

அவள் றொசாந்தியிடம் ஒரு வாளியும் கயிறும் இரவல் வாங்கினாள். கிணற்றடிக்குப் போய்க் கல்லை உருட்டித் தள்ளினாள். தகரம் வெய்யிலில் கொதித்தது. முந்தானையால் பிடித்து இழுத்து விலக்கினாள். தண்ணீர் வெகு கீழே கிடந்தது. அள்ளி, உள்ளங்கையில் ஊற்றி, வாயில் வைத்தாள். நாக்கின் இரண்டு கரையும் கரித்தது. துப்பவில்லை. விழுங்கினாள். பிறகு அந்தப் புதுக் குசினியின் பின்படியில் இருந்தாள். கடலில் இருந்து காற்று சேற்று மணத்தோடு வந்துகொண்டிருந்தது.

அங்கிருந்தே இராசநாயகத்துக்குப் போன் எடுத்தாள்.

“கிணத்துத் தண்ணி குடிச்சனான் அண்ணை.”

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

“நான் தம்பிக்கு அப்பவே சொன்னனான் தங்கச்சி, மனுசிக்குச் சொல்லிப்போடு எண்டு. எனக்கு ஆவணியிலை குடுத்தாலும் ஒண்டுதான், தையிலை குடுத்தாலும் ஒண்டுதான். கெதியாக் குடுத்தால் எனக்குத்தான் நல்லது. அவர்தான் மழைக்குப் பிறகு திகதி போடச் சொன்னவர்.”

“நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“புருசன் பெண்சாதிக்கு நடுவிலை நான் என்னெண்டு…” என்று அவர் இழுத்தார். “பிழைதான். மோட்டர் எண்டு சொன்னதும் பிழைதான்.”

*

யாகோப்பு குருநகர் வீட்டுக் கோடிப்புறத்தில் வலையில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நண்டாகக் காலை மடக்கிப் பிடித்து, நூலைச் சிக்கெடுத்து, வாளிக்குள் போட்டார். ஸ்ரெல்லா பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தாள்.

“அரியாலைக்குப் போட்டு வாறன். கிணத்துத் தண்ணி குடிச்சனான்.”

அவருடைய கை நின்றது. கழற்றிய நண்டு விரலைக் கவ்வியது. அவர் உதறவில்லை. மெல்ல விரலை எடுத்துவிட்டு அதை வாளிக்குள் விட்டார்.

“நாலு இடத்திலை தேடினனான் ஸ்ரெல்லா. உனக்குச் சொல்லேல்லை. கொக்குவிலிலை, நல்லூர்ப் பக்கம், எல்லா இடமும் விசாரிச்சன். நல்ல தண்ணி இருக்கிற இடத்திலை எங்களுக்கு ஒரு பரப்புக் காணியும் எடுக்க ஏலாது. பெடியன் அங்கை கிடந்து முறியிறான். அவன் அனுப்பிறதுக்குக் கிடைக்கிறது உது ஒண்டுதான்.”

“அதைச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னால் நீ ஓம் எண்டிருப்பியோ? தண்ணி சரியில்லை எண்டால் நீ அந்த ஒழுங்கைக்குள்ளை காலே வச்சிருக்க மாட்டாய்.”

“அதாலை மாசியிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீங்கள்.”

அவர் அடுத்த நண்டின் காலில் சிக்கிய நூலை இழுத்தார்.

“உறுதி முடிஞ்சு, சாவி வாங்கி, கோடை வர எனக்குத் தெரிய வரும். அப்ப நான் ஒண்டும் செய்ய ஏலாது. அப்பிடித்தானே?”

“ஓம். தை வரைக்கும் வாடகை மிச்சம் எண்டுதான் அக்காவிட்டை அறையும் முதலே கேட்டு வச்சனான். ஏசுவாய் எண்டு தெரியும். ஏசட்டும் எண்டு நினைச்சன். ஏசினாலும் சொந்த வீட்டுக்குள்ளை இருந்து ஏசுவாய்தானே எண்டு…” அவர் முழங்காலைத் தடவினார். “இஞ்சையிருந்து வள்ளம் ஓடி வலைக்குப் போய் வரக் கால் ரெண்டும் மரத்துப் போகுது. அங்கை எண்டால் வீட்டுப் படலையிலை இருந்து நடந்து போய் வலையைப் பாக்கலாம். இன்னும் ஒரு பத்து வரியம் தொழில் செய்வன். என்ரை சுயநலமும் இருக்கு. இல்லையெண்டு சொல்லேல்லை.”

ஸ்ரெல்லா அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் வாளிக்குள் நகரும் நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் அந்த ஆளைக் கள்ளன் எண்டு நினைச்சன்” என்றாள். “லண்டன்காரிக்கு விக்கப் போறான் எண்டு பயந்து மாதாவிட்டை நேந்தனான். நீங்கள் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்.”

“பிழைதான்.”

“எல்லாரும் பிழைதான் பிழைதான் எண்டு சொல்லுறியள்.”

அவள் எழும்பி உள்ளே போனாள். அன்றும் அடுத்த நாளும் அவருக்குச் சோறு போட்டாள், தேத்தண்ணி ஊற்றினாள். கதைக்கவில்லை. ஜெனிற்றாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்ரோபர் போன் எடுத்தபோது வீட்டு விசயம் என்ன மாதிரி என்று கேட்டான். “நடக்குது தம்பி” என்றாள். அவன் குரலின் பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது.

வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தாள். சொல்லிவிட்டு எங்கே போவது என்று யோசித்தாள். மச்சாளின் பின் அறை. பிறகு இன்னொரு வாடகை வீடு. பிறகு இன்னொரு தமையன் இன்னொரு நாட்டில் இருந்து வருவான். அதிகாலையில் மாக் குழைக்கும்போதும், கடைக்காரன் பெட்டியை வாங்கும்போதும் இதையே நினைத்தாள். மூன்றாம் நாள் தானாகவே இராசநாயகத்துக்குப் போன் எடுத்து, வீட்டடிக்கு வரச் சொன்னாள்.

*

இராசநாயகம் வந்தபோது அவள் கூரையின் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். யாகோப்புவும் வந்திருந்தார். அவளுக்குப் பின்னால் தள்ளி நின்றார்.

“இந்தக் கூரைத் தண்ணி முழுக்க எங்கை போகும் அண்ணை?”

“நிலத்துக்குத்தான்.”

“பீலி போட்டு ஒரு தாங்கிக்குள்ளை விட ஏலாதோ? நிலத்துக்குக் கீழை கொங்கிறீற் தாங்கி. பள்ளிக்கூடங்களிலை கட்டியிருக்கினம்.”

இராசநாயகம் தாழ்வாரத்தைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். “ஏலும். ஆனால் அது நாங்கள் பேசின வேலைக்குள்ளை இல்லையே தங்கச்சி.”

“பேசினதிலை இருந்து எடுங்கோ. ரெண்டாம் பூச்சு பெயின்ற் வேண்டாம். முன்கேற் வேண்டாம், தகரப் படலை காணும். உள்ளறையளுக்கு மாபிள் வேண்டாம், சீமெந்து பூசி விடுங்கோ. குசினிக்குப் பின்பக்கம் எனக்குப் பெரிய தாங்கி வேணும்.”

“இடியப்பத்துக்கோ?”

“இடியப்பத்துக்கும், குடிக்கவும். குளிக்கிறதுக்குக் கிணறு.”

“செய்யலாம்” என்றார் அவர் யோசித்து. “அப்ப தை…”

“தை இல்லை. இந்த வரிய மழை எனக்கு வேணும். தையிலை சாவி தந்தால் மழை முழுக்கக் கடலுக்குப் போயிடும், அடுத்த வரியம் வரைக்கும் நான் பாத்துக்கொண்டு இருக்கோணும். செப்ரெம்பர் முப்பது. தாங்கியோடை.”

“புரட்டாதியிலை சாவி குடுத்து எனக்குப் பழக்கமில்லை தங்கச்சி.”

“எங்களுக்குப் புரட்டாதி இல்லை அண்ணை. செப்ரெம்பர்.”

இந்த முறை இராசநாயகம் வானத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோசத்தில் கண் யாகோப்புவின் பக்கம் போகப் பார்த்தது. ஸ்ரெல்லா ஒரு அடி நகர்ந்து நடுவில் நின்றுகொண்டாள்.

“என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.”

“ஓம்” என்றார் அவர். “முப்பது. நாளைக்கே தாங்கிக்குக் கிடங்கு வெட்ட ஆள் விடுறன்.”

உதயகலாவின் கந்தோரில் உடன்படிக்கை திரும்ப எழுதப்பட்டது. கோடை காலத்தில் கிணற்று நீர் உவராகும் என்பது வாங்குபவர்களுக்குத் தெரியும் என்று ஒரு வரி போடச் சொல்லி ஸ்ரெல்லாவே கேட்டாள். “அப்பிடி எழுதினால் பிறகு நீங்கள் அதைக் காட்டிக் குறை சொல்ல ஏலாது அம்மா” என்று உதயகலா எச்சரித்தார். “தெரியும் மிஸ். எழுதுங்கோ. தெரிஞ்சுதான் வாங்கிறன்” என்றாள். யாகோப்பு முதலில் கையெழுத்து வைத்தார். ஸ்ரெல்லா பேனாவை அவரிடம் இருந்து வாங்கி, தன்னுடைய பெயரை முழுதாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

இராசநாயகம் சொன்ன சொல் தவறவில்லை. இரவல் ஆட்களையும் பிடித்து நின்று வேலை செய்வித்து, முப்பதாம் திகதி மத்தியானம் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். தாங்கியின் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. முதல் மூன்று கிழமையும் ஸ்ரெல்லா றொசாந்தியோடு வேலி நிழலில் கானோடு குந்தியிருந்தாள். கிணற்றில் குளித்து அவளுடைய தலைமயிர் தும்பாகிப் போனது. பிறகு ஒருநாள் பின்னேரம் காற்று மாறியது. வாடை விழுந்து, அடுத்த நாள் மழை தொடங்கி, நாலு நாள் விடாமல் பெய்தது. பீலியில் இருந்து தண்ணீர் தாங்கிக்குள் விழும் சத்தம் வீடு முழுதும் கேட்டது. யாகோப்பு மூடியைத் தூக்கிப் பார்த்து, “அரைவாசி வந்திட்டுது” என்று வந்து சொன்னார். ஸ்ரெல்லா கையில் மாவோடு எழும்பிப் போய்த் தானும் பார்த்துவிட்டு வந்தாள்.

நவம்பர் மாதத்து ஒரு ஞாயிறு. மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் காலைப் பூசைக்கு வெளிக்கிட்டார்கள். ஸ்ரெல்லா முன்னே நடந்து படலையைத் தாண்டினாள். யாகோப்பு முன்கதவைப் பூட்டிச் சாவியைச் சேர்ட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடையை விரித்தபடி வந்தார்.

“பூட்டிப்போட்டன். நட.”

அவள் நாலு எட்டு வைத்தாள். நின்றாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், படியில் ஏறி, பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவர் பூட்டினேன் என்று சொன்னதை அவள் போய்ப் பார்த்ததில்லை. பூட்டை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு படியில் நின்றாள்.

யாகோப்பு மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றார். கோபிக்கவில்லை.

“பின்கதவையும் இழுத்துப் பாத்திட்டு வா” என்றார். “பூசைக்கு நேரம் கிடக்கு. நான் நிக்கிறன்.”

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.